கையெழுத்துப் போட வரவேண்டியவர்கள்

'சிங்கம்' மூன்றாம் பாகம் வெளியான மூன்றாம் நாள், 2017 பிப்ரவரி 11, சனிக்கிழமை, அரூரில் மாட்னி ஷோவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படத்துக்கு 'சி3' என்று பெயர். டிசம்பரில் வருகிறது என்றார்கள், ஜனவரி என்றார்கள், ஒருவழியாகப் பிப்ரவரி 9 அன்று வந்தது. அத்தனை தள்ளிவைப்பையும் ஒரு ரசிகையாக எண்ணி எண்ணிக் காத்திருந்தவள் நான். படம் தொடங்கி அரை மணி நேரத்தில் அம்மா முந்தானையை எடுத்துக் காதை மூடிக்கொண்டாள். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தபோது கேட்டாள்: "ஏம் பாப்பா, இவன் எதுக்கு இந்தக் கத்து கத்துறான்? மொதப் படத்துல உக்காந்து நாயம் பேசுவானே."

என்னிடம் பதில் இல்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது எங்களுக்கு முன்னால் போன பையன்களும் அதையேதான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரே இரைச்சல், அதே கதை, கேமரா ஓரிடத்தில் நிற்கவில்லை, முதல் பாகம் மாதிரி வருமா என்றார்கள். நானும் ஒரு வாரம் அப்படியே புலம்பினேன். நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் உடன் வேலை செய்யும் டீச்சர்களிடம் எல்லாம் சொன்னேன்.

இன்று அப்படி நினைக்கவில்லை. மூன்றாவது படம் முதல் படத்தைக் கெடுக்கவில்லை என்பதே இப்போது என் எண்ணம். முதல் படத்துக்குள் சின்னதாக இருந்ததை அது பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான். பெரிதாகத் தெரிந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னதாக இருந்தபோது ஏன் பிடித்தது என்ற கேள்விதான் என்னை இத்தனை ஆண்டுகளாக விடாமல் இருக்கிறது.

தமிழில் சூப்பர்ஹீரோ படங்கள் குறைவு என்பார்கள். 2012இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார், ஓடவில்லை. நமக்கு முகமூடியும் அங்கியும் தேவைப்படவில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காக்கிச் சட்டை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போட்டதும் ஒரு மனிதனுடைய கைக்கு ஒன்றரை டன் எடை வந்துவிடுகிறது. வசனமே அப்படித்தான் சொல்கிறது. அவன் பாயும்போது திரையில் சிங்கத்தின் முகம் வந்து போகிறது. இயக்குநர் ஹரி 2010, 2013, 2017 ஆண்டுகளில் எடுத்த மூன்று 'சிங்கம்' படங்களும் நம் ஊர் சூப்பர்ஹீரோ வரிசைதான்.

*

முதல் 'சிங்கம்' 2010 மே 28 அன்று வெளியானது. நான் பி.ஏ. முதல் வருடம் முடித்து விடுமுறையில் இருந்தேன். எங்கள் ஊர் மொரப்பூர் பக்கம். சித்தியும் சித்தப்பாவும் வந்தபோது எல்லோரும் சேர்ந்து அரூர் போய்ப் பார்த்தோம். பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் படத்தில் என்னைப் பிடித்து வைத்தது சண்டை இல்லை. ஒரு கையெழுத்துதான். சென்னையில் கோடிகளில் புரளும் மயில்வாகனம் (பிரகாஷ்ராஜ்) நிபந்தனை ஜாமீனில் வெளியே இருக்கிறான். தூத்துக்குடிப் பக்கம் நல்லூர் என்ற சின்ன ஊரின் போலீஸ் ஸ்டேஷனில் அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்புகிறான். சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் அதை ஏற்க மறுக்கிறார். யாருக்குக் கோர்ட் உத்தரவோ அவரே வரவேண்டும் என்கிறார். கடைசியில் மயில்வாகனம் காரில் வந்து இறங்கி, அவமானத்தில் முகம் சிவக்க, அந்தச் சின்ன ஸ்டேஷனின் நோட்டில் கையெழுத்துப் போடுகிறான்.

இந்தக் காட்சிக்கு எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். எங்கள் பக்கத்தில் நோட்டு, ரிஜிஸ்டர், கைநாட்டு எல்லாம் இல்லாதவர்களைப் பிடிக்கும் பொறிகள். ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், கூட்டுறவு சங்கத்தில், மகளிர் குழுக் கடனில் அம்மா கையெழுத்துப் போட்டுப் போட்டே ஓய்ந்தவள். பெரிய மனிதர்களுக்குக் காகிதம் வீடு தேடி வரும். முதல்முறையாக ஒரு பெரிய மனிதன் ஒரு சாதாரண நோட்டைத் தேடி வருவதைப் பார்த்தேன். சட்டம் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பதினெட்டு வயதில் எனக்குப் பட்டது.

அன்று எனக்குக் காவ்யாவாக ஆசை வரவில்லை. அனுஷ்கா அழகுதான். அந்தச் சுடிதார் மாதிரியே தைத்துக்கொண்ட தோழிகள் இருந்தார்கள். எனக்கு துரைசிங்கமாகத்தான் ஆசை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "நீங்களே வரணும்" என்று சொல்ல வேண்டும். பெண் ரசிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நாங்கள் நாயகனைக் காதலிப்பதாகவே எழுதுகிறார்கள். எங்களில் நிறையப் பேர் அவனுடைய நாற்காலியைத்தான் காதலித்தோம்.

காவ்யாவுக்கு அந்தப் படத்தில் ஒரு நல்ல இடம் உண்டு. சென்னைக்கு மாற்றப்பட்டு, மயில்வாகனத்தின் ஆள்பலத்தில் நொந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று துரைசிங்கம் நினைக்கும்போது நின்று போராடச் சொல்பவள் அவள்தான். அதற்குமேல் அவளுக்கு வேலை இல்லை. வீரத்தை ஊட்டிவிட்டு விலகிக்கொள்கிறாள். எங்கள் காலேஜில் அப்போது பெரிய விவாதம், அனுஷ்கா சூர்யாவைவிட உயரமா இல்லையா என்பது. கேமரா அவளைக் குனிய வைத்தும், உட்கார வைத்தும், தள்ளி நிறுத்தியும் படும் பாட்டை நாங்கள் சிரித்துக்கொண்டே எண்ணுவோம். அவளுடைய உயரம் அந்தப் படத்துக்கு ஒரு தொந்தரவு என்பது அப்போது எங்களுக்கு வெறும் வேடிக்கை.

நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. நோட்டில் போட்ட கையெழுத்தோடு தொடங்கும் அந்தப் படம் தோட்டாவோடு முடிகிறது. கோர்ட் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றச் சொன்ன அதே துரைசிங்கம், கடைசியில் மயில்வாகனத்தை ஆந்திரா வரை துரத்திப் போய்ச் சுட்டுக் கொல்கிறார். கோர்ட்டும் இல்லை, ஜாமீனும் இல்லை, நோட்டும் இல்லை. நான் கைதட்டினேன். தியேட்டரே கைதட்டியது.

*

2013இல் எனக்கு 21 வயது. பி.எட். படித்துக்கொண்டே சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குத் தயாராகத் தருமபுரியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். விடியற்காலையில் மைதானத்தில் ஓட்டம், பிறகு பொது அறிவு. எங்கள் குழுவில் ஏழெட்டுப் பெண்கள். அதில் என்னோடு சேர்ந்து ஓடியவள் ஒருத்தி. காலனிப் பெண். என்னைவிட வேகம், என்னைவிட உயரம், கணக்கில் என்னைவிடக் கெட்டி.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டிருந்தன. ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியர் பெண்ணும் கலியாணம் செய்துகொண்டதற்காக 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. அன்று மாலை அங்கே எந்த துரைசிங்கமும் வரவில்லை. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தருமபுரியில் ரயில் தண்டவாளத்தின் ஓரம் இறந்து கிடந்தார். அந்த இருவரின் பெயரும் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள், ஜூலை 5, வெள்ளிக்கிழமை, 'சிங்கம் 2' வெளியானது.

இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை எனக்குத் தற்செயலாக நினைக்க முடியவில்லை. பயிற்சி வகுப்பிலிருந்து மைதானத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் முழுக்க போலீஸ். பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சூர்யா கட்-அவுட்டில் காக்கிச் சட்டையோடு நிற்கிறார், அதன் கீழே நிஜமான காக்கிச் சட்டைகள் லத்தியோடு வரிசையாக நிற்கின்றன. என் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காலனிக்காரி இல்லை. பேசாமல் இருக்க முடிகிற வீட்டுப் பெண். சாதி எங்களுக்குக் கொடுத்த வசதிகளில் அந்த மௌனமும் ஒன்று.

இரண்டு வாரம் கழித்து வகுப்பு மறுபடி தொடங்கியது. அவள் வரவில்லை. போன் செய்தேன். பஸ்ஸில் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள் என்றாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், "சிங்கம் ரெண்டு போலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீ போயிட்டு வந்து கதை சொல்லுக்கா" என்றாள். படம் பார்த்தேன். கதை சொல்ல அவளைக் கூப்பிடவில்லை.

அந்தப் படத்தின் கதையை இப்போது சொல்கிறேன். துரைசிங்கம் அடையாளத்தை மறைத்துத் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. மாஸ்டராக இருக்கிறார். அங்கே படிக்கும் சத்யா (ஹன்சிகா) அவரைக் காதலிக்கிறாள். ஆசிரியரைக் காதலிக்கும் பள்ளி மாணவி என்பதைப் படம் பாதி வேடிக்கையாகவும் பாதி உருக்கமாகவும் நடத்துகிறது. வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் இன்றைய எனக்கு அந்த வேடிக்கையைப் பார்த்து உடம்பு கூசுகிறது. சத்யா கடைசியில் இறந்துபோகிறாள். அவளுடைய சாவு நாயகனின் கோபத்துக்கு விறகு. வில்லன் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கறுப்பு மனிதன். அவனைக் காட்டும் விதத்தில் நம்முடைய நிறவெறி முழுவதும் வெளியே வந்து நிற்கிறது. காவ்யா கலியாணத்துக்காகக் காத்திருக்கிறாள்.

போலீஸ் கனவு அந்த வருடக் கடைசியில் முடிந்தது. பயிற்சி வகுப்பு மாஸ்டர் சுவரில் டேப் வைத்து அளந்தார். என் பிரிவுப் பெண்களுக்கு 159 செ.மீ. வேண்டும். நான் 156. "அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்மா" என்றார். திரையில் ஒரு பெண்ணின் உயரம் அதிகம் என்று மறைத்தார்கள். இங்கே என் உயரம் குறைவு என்று அனுப்பினார்கள்.

*

அதன்பிறகுதான் 2017. இப்போது மூன்றாவது படத்துக்கு வருகிறேன்.

விசாகப்பட்டினம் போலீஸ் கமிஷனர் கொல்லப்படுகிறார். அதை விசாரிக்கத் தமிழ்நாட்டிலிருந்து துரைசிங்கத்தை அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, அந்த நாட்டின் மருத்துவக் கழிவையும் மின்னணுக் கழிவையும் இந்தியாவில் கொட்டி எரிக்கும் விட்டல் என்ற பணக்காரன்தான் வில்லன். எடுத்துக்கொண்ட விஷயம் உண்மையிலேயே பெரியது. பணக்கார நாடுகளின் குப்பை ஏழை நாடுகளின் மூச்சில் போய்ச் சேர்வது நிஜம். அதை முதலில் சுவாசிப்பவர்கள் குப்பை பொறுக்கும் பெண்களும் குழந்தைகளும்தான். ஆனால் படத்துக்கு அவர்களிடம் நின்று பேச நேரம் இல்லை. புகையில் சாகிறவர்கள் துரைசிங்கம் கோபப்படுவதற்குக் காரணமாக மட்டும் வந்துபோகிறார்கள்.

வித்யா (ஸ்ருதி ஹாசன்) பத்திரிகையாளர். அடையாளத்தை மறைத்துத் துப்புத் துலக்குகிறவள். கமிஷனர் கொலையையும் கழிவுக் கடத்தலையும் வெளியே கொண்டுவர இவளே போதும். தனியாக ஒரு படம் எடுக்கலாம். இவளோ துரைசிங்கத்தைக் காதலிக்கிறாள். அவளுடைய தொழில் அவருக்குப் பக்கத்தில் வருவதற்கு ஒரு வழியாகச் சுருங்குகிறது. காவ்யா இப்போது மனைவி. முதல் படத்தில் ஓரிடத்திலாவது அவனை நிமிர்த்தியவள் இங்கே வீட்டில் இருக்கிறாள். ஒருத்தி மனைவி, ஒருத்தி ஏங்குகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது.

ரசிகர்கள் இரைச்சல் என்றார்கள். எனக்கு அந்த இரைச்சலின் காரணம் பிறகுதான் புரிந்தது. நல்லூரில் துரைசிங்கத்துக்கு ஓர் ஊர் இருந்தது, ஒரு ஸ்டேஷன் இருந்தது, எல்லை இருந்தது, ஒரு நோட்டு இருந்தது. ஊர்ச் சண்டைகளை உட்கார்ந்து பேசித் தீர்த்தார். அம்மா சொன்ன நாயம் அதுதான். மூன்றாவது படத்தில் அவருக்கு எல்லையே இல்லை. மாநிலம் தாண்டுகிறார், நாடு தாண்டுகிறார், விமான நிலையத்தில் சண்டை போடுகிறார். கேட்க மேலதிகாரி கிடையாது, கோர்ட்டும் கிடையாது. எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஒரு மனிதனைத் திரையில் இரண்டரை மணி நேரம் நிறுத்த இரைச்சல் வேண்டும். அமைதியாகக் காட்டினால் நமக்குப் பயம் வந்துவிடும்.

அந்த எல்லையின்மை முதல் படத்தின் கடைசி அரை மணி நேரத்திலேயே இருந்தது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

*

தியேட்டரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள். அவள் வழக்கமாக எதையும் விளக்குகிறவள் இல்லை. "போலீசு படமெல்லாம் எனக்கு ஆவாது பாப்பா. நீ ஆசப்பட்டியேன்னு வந்தேன்."

எங்கள் அம்மா ஸ்டேஷன் படி ஏறியதே இல்லை. ஒருமுறை பஸ்ஸில் அவளுடைய முக்கால் பவுன் தோடு திருடுபோனது. புகார் கொடுக்கலாம் என்றேன். தோடு போனால் போகட்டும் என்றாள். ஊரில் நல்ல பொம்பளை என்றால் ஸ்டேஷனுக்குப் போகாதவள். படத்தில் நல்லூர்ப் பெண்கள் கோயிலுக்குப் போவதுபோல ஸ்டேஷனுக்கு வந்துபோகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஸ்டேஷன் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்கள்.

நான் பிறந்தது 1992 ஏப்ரலில். அந்த வருடம் பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. அந்த வருடம் ஜூன் 20 அன்று, அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்குள் வனத்துறையினர், போலீசார், வருவாய்த் துறையினர் சேர்ந்த படை நுழைந்தது. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்றார்கள். மலையாளி பழங்குடி மக்களின் ஊர் அது. வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது நான் அம்மாவின் மடியில் இரண்டு மாதக் குழந்தை. பக்கத்து ஊர்களில் இந்தச் செய்தி காதோடு காதாகப் பரவியது. அம்மா ஸ்டேஷன் படி ஏறாததற்கு இத்தனை காலம் நான் கூச்சம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் மாவட்டத்துக்குக் காக்கியைப் பற்றி நீண்ட ஞாபகம் உண்டு. 1980 வாக்கில் நக்சலைட்டுகள் என்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றபோதே 'என்கவுன்டர்' என்ற சொல் இங்கே கிழவிகளுக்கும் தெரிந்துபோனது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனைச் சுட்டபோது நான் பள்ளி மாணவி. வகுப்பில் எல்லோரும் அதைச் சினிமாக் கதை மாதிரி பேசினோம். அந்தத் தேடுதல் வேட்டையில் மலைக் கிராமங்களின் பெண்கள் பட்டது என்ன என்று கேட்டு சதாசிவா குழுவின் முன்னால் மனிதர்கள் நின்றதை நாங்கள் பேசவில்லை. அதற்குச் சினிமா இல்லை.

வாச்சாத்தியின் மீதிக் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்றைய அரசு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையிலெடுத்தன. 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள், அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்புக்கு முன்னால் தானே வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

269 அரசு ஊழியர்கள் குற்றவாளிக் கூண்டுக்கு வரவேண்டி வந்தது. மயில்வாகனத்தை ஸ்டேஷனுக்கு வரவைத்ததைப் பார்த்து நான் சிலிர்த்தேனே, அதைவிடப் பல மடங்கு பெரிய காட்சி என் சொந்தத் தாலுகாவில் நடந்தது. அதை நடத்தியவர்கள் பெயர் வெளியே தெரியாத 18 பெண்களும் அவர்களோடு நின்றவர்களும். ஒன்றரை டன் அடி ஒன்றும் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்தார்கள், கூசாமல் சாட்சி சொன்னார்கள், குறுக்கு விசாரணையைத் தாங்கினார்கள். முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டு, மேல்முறையீடு முடிய 31 ஆண்டு. அதாவது என் வயது.

*

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டம். துரைசிங்கத்தின் நல்லூரும் திரையில் அந்த மாவட்டம்தான்.

அந்த மாதமே இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். மூன்று 'சிங்கம்', இரண்டு 'சாமி'. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது, கூடவே ஒரு குற்ற உணர்வும். எடுத்தவர் வருந்திவிட்டார், கைதட்டியவள் இன்னும் வருந்தவில்லையே.

சாத்தான்குளத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர் அதே ஸ்டேஷனில் வேலை செய்த தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் அந்த இரவில் நடந்ததைச் சொன்னார். வெளியே உடன் வேலை செய்யும் போலீஸ்காரர்கள் சூழ்ந்திருந்தார்கள். சொன்னதைச் சொல்லிவிட்டு, எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவருக்குப் பயம். பாதுகாப்பு உண்டு என்று மாஜிஸ்திரேட் நீண்ட நேரம் தைரியம் சொன்ன பிறகே போட்டார்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் முதல் 'சிங்கம்' படத்தை நினைத்துக்கொண்டேன். நான் பதினெட்டு வயதில் பார்த்து மெய்மறந்த கையெழுத்தின் நிஜ வடிவம் இது. அங்கே மேசைக்குப் பின்னால் ஆண் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினான். இங்கே ஒரு பெண், தன் வேலையையும் உயிரையும் பணயம் வைத்து, தன் சொந்தத் துறைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டாள். சட்டம் பலமாக இருப்பது நாற்காலியில் இருப்பவனின் தோள்பலத்தால் என்று படம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. நடுங்கும் ஒரு கையைப் பாதுகாக்க முடிகிற அளவுக்குத்தான் சட்டத்துக்குப் பலம் என்று ரேவதியிடம் கற்றேன்.

இதற்குத் தீர்வாக ஒரு பெண் சிங்கத்தைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஹரியின் முதல் படத்தை ரோஹித் ஷெட்டி 2011இல் 'சிங்கம்' என்றே மறுபடி எடுத்தார். அந்த வரிசையின் மூன்றாவது படம் 2024இல் 'சிங்கம் அகெய்ன்' என்று வந்தது. தீபிகா படுகோனே பெண் போலீசாக வருகிறார், ஆண்களைப் போலவே அடிக்கிறார், சுடுகிறார். அதே படத்தில் நாயகனின் மனைவியை வில்லன் கடத்திப் போகிறான், நாயகன் ராமனாக இலங்கைக்குப் போகிறார். ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கி, இன்னொருத்திக்குச் சிறை. காக்கிச் சட்டையின் அளவை மாற்றித் தைத்தார்களே தவிர, அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியைத் தொடவில்லை.

சூர்யாவே 2021இல் 'ஜெய் பீம்' படத்தில் காவல் மரணத்தை எதிர்த்து வாதாடும் வழக்கறிஞராக வந்தார். என் தோழிகள் பலர் அதோடு கணக்கு நேராகிவிட்டது என்றார்கள். எனக்கு அது நல்ல படம். ஆனால் அதிலும் என் கண் செங்கேணியிடம்தான் போனது. போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்து, மகளோடு அவள் சாலையில் நடக்கிறாள், ஜீப் பின்னால் ஊர்ந்து வருகிறது. அந்த நடைக்கு வக்கீல் தேவைப்படவில்லை.

*

போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு, "மிஸ், எஸ்.ஐ. ஆகறதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். வெட்கத்தோடு, "சிங்கம் படம் பாத்தேன் மிஸ், டிவில" என்றாள். எந்த பாகம் என்று கேட்டேன். அவளுக்குப் பாகமெல்லாம் தெரியவில்லை. "அந்தக் கையெழுத்துப் போட வெப்பாரே, அது" என்றாள்.

நான் அவளிடம் படத்தைத் திட்டவில்லை. எனக்கு அந்தக் காட்சி இன்னும் பிடிக்கும். தொலைக்காட்சியில் ஓடினால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மயில்வாகனம் பேனாவை எடுக்கும்வரை பார்க்கிறேன். ஆந்திராவுக்கு வண்டி கிளம்பும்போது எழுந்து போய்விடுகிறேன்.

அவளிடம் என்ன படிக்க வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும், எத்தனை வயதில் எழுதலாம் என்று எல்லாம் சொன்னேன். பிறகு வாச்சாத்தி தெரியுமா என்று கேட்டேன். பஸ்ஸில் போர்டு பார்த்திருக்கிறேன் மிஸ் என்றாள். அரூரிலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளும் இன்னும் நான்கு பெண்களும் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 1992 ஜூனிலிருந்து தொடங்கினேன். மணி அடித்தபோது 1995 வரைதான் வந்திருந்தோம்.

அன்று சாயங்காலம் பத்து வருடங்களுக்கும் மேல் கூப்பிடாத ஓர் எண்ணைத் தேடி எடுத்தேன். நான் சொல்லாமல் விட்ட கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.